சிரிப்புக்கு ஆளான சிப்பாய்கள்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் சாலையும், நிலக்கோட்டையிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் எங்கள் செம்பட்டி இருக்கிறது. நாற்சந்தி ஆதலால் அங்கே பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. காத்திருப்பவர்களுக்குக் கண்ணும் வாயும் சும்மா இருப்பதில்லை. இந்த உண்மையை நான் முதன்முதலாக உணர்ந்தது, கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், தேசிய மாணவர் படையின் உடுப்போடு ஒரு சனிக்கிழமை மாலை அங்கே வந்து இறங்கியபோதுதான்.

உடுப்பை மதுரையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஊரார் பார்க்கட்டும் என்ற ஆசை விடவில்லை. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை பலகைபோல விறைத்து நின்றது. பூட்ஸ் என் காலுக்கு இரண்டு அளவு பெரியது. முன்புறம் பழந்துணியைத் திணித்திருந்தேன். அப்படியும் நடக்கும்போது அது ஒரு கணம் பின்தங்கியே வந்தது. தொப்பி காதின்மேல் சரிந்து கிடந்தது. டீக்கடை ஓரத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா பேராண்டி, பட்டாளத்துக்குப் போறியா, கூத்துக்குப் போறியா?" என்று கேட்டார். டீக்கடை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னோடு வீடுவரை நடந்து வந்தது.

பிற்காலத்தில் சரித்திரம் பயின்றபொழுது, அதே சிரிப்பை நான் வேறோர் ஊரில், வேறொரு நூற்றாண்டில் சந்தித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில், ஏட்டைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்த எழுத்தரையும், ஏரைவிட்டு வந்த உழவரையும் பார்த்து அந்நகரம் சிரித்த சிரிப்பு அது. அச்சிரிப்பு காற்றோடு போய்விடவில்லை. செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்சிட்டு, வண்ணம் பூசி விற்கப்பட்டது. அந்தக் கேலிச் சித்திரங்களைப் பற்றியும், அவற்றின் கண்ணில் பட்டும் படாமலும் போன சில மனிதர்களைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தப் படங்கள் எவ்வாறு உருவாயின என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். கூரிய ஊசியால் சித்திரக்காரர் அந்தப் பூச்சின்மேல் வரைவார். ஊசி சென்ற இடமெல்லாம் செம்பு வெளியே தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். பூச்சு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கிவிடும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழும் என்பதை மனத்திற்கொண்டே சித்திரக்காரர் வரைய வேண்டும். எழுத்துகளையும் இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். வண்ணம் பூசுவது கைவேலை. வண்ணமில்லாத படம் ஆறு பென்னிக்கும், வண்ணப் படம் ஒரு ஷில்லிங்குக்கும் அதற்கு மேலும் விலைபோயிற்று. கூலியாளுக்கு எட்டாத விலைதான். ஆயினும் கடைக்காரர்கள் படங்களைச் சன்னல் கண்ணாடிகளில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். காசில்லாதவர்கள் தெருவில் நின்றே பார்த்துச் சிரித்தார்கள். ஸ்ட்ராண்டு வீதியில் மாத்யூ டார்லி, மேரி டார்லி என்னும் கணவனும் மனைவியும் நடத்திய கடை 1770-களில் இதற்குப் பெயர் பெற்றது. பின்னர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் கடைக்கு அப்புகழ் சென்றது.

இனிப் படங்களுக்குப் பொருளானவர்களைப் பார்ப்போம். 1756-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. நம் நாட்டில் ஆர்க்காட்டையும் வங்காளத்தையும் அலைக்கழித்த அதே ஏழாண்டுப் போர்தான். பிரெஞ்சுப் படை கடலைக் கடந்து வந்துவிடுமோ என்ற அச்சம் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. நாட்டைக் காக்க ஜெர்மானியச் சீமைகளிலிருந்து கூலிப்படைகளைத் தருவித்தார்கள். அந்நியரை வைத்து வீட்டைக் காப்பதா என்று பலர் முகம் சுளித்தனர். அதன் விளைவாக 1757-இல் மிலிஷியாச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 18 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரின் பெயர்களை ஊர்தோறும் எழுதி, குலுக்கிப்போட்டுச் சீட்டெடுப்பார்கள். சீட்டு விழுந்தவன் மூன்றாண்டு காலம் குடிமக்கள் படையில் இருந்து பயிற்சி பெற வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 32,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள்.

சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. போக விரும்பாதவன் தனக்குப் பதிலாக வேறோர் ஆளை அனுப்பலாம். அல்லது பத்துப் பவுன் அபராதம் கட்டலாம். பத்துப் பவுன் என்பது ஓர் உழவுத்தொழிலாளி மாதக்கணக்கில் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை. ஆகவே குலுக்கல் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததே தவிர, சீட்டு மட்டும் எப்படியோ ஏழையின் கையிலேயே தங்கியது. தங்களைக் கடல் கடந்த போர்களுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமும் மக்களிடையே பரவியது. அந்த ஆண்டே பல மாவட்டங்களில் கலகம் எழுந்தது. பெயர்ப் பட்டியல்களைப் பறித்துக் கிழித்தெறிந்தார்கள்.

இந்தச் சட்டத்தைப் பார்லிமெண்டில் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் டவுன்ஷெண்டு என்னும் பிரபு குடும்பத்துப் போர்வீரர். இவரிடம் வேடிக்கையான ஒரு பழக்கம் இருந்தது. யாரைக் கண்டாலும் அவருடைய மூக்கையோ வயிற்றையோ மிகைப்படுத்திக் கோணல் படம் வரைந்துவிடுவார். அமைச்சர்களை வரைந்தார், அரசரின் மகனான கம்பர்லந்து கோமகனையும் விட்டுவைக்கவில்லை. டார்லி அவற்றைச் சீட்டுகளாக அச்சிட்டு விற்றார். தனி மனிதனின் முக அடையாளத்தைக் கொண்டே அரசியலைக் கேலி செய்யும் முறை இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு இவர் ஒரு முக்கிய காரணம். குடிமக்கள் படையைப் படைத்தவரும், அப்படையை அடுத்த தலைமுறையில் சந்தி சிரிக்க வைத்த கலைக்கு வழிகாட்டியவரும் ஒருவரே என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. 1759-இல் கனடாவில் கியூபெக் நகரின் முன்னே முற்றுகையிட்டிருந்தபோதுகூட, தம் தளபதியான உல்பைக் கேலியாக வரைந்து கூடாரத்தில் சுற்றுக்கு விட்டார். உல்ப் போர்க்களத்தில் மாண்டார். அடுத்த தளபதி காயமுற்றார். கியூபெக்கின் சரணாகதியை ஏற்கும் பொறுப்பு படம் வரைந்தவர் கைக்கே வந்து சேர்ந்தது.

அதற்கிடையில் இங்கிலாந்தின் வடகோடியில் நடந்த ஒன்றை நான் சொல்லாமல் செல்லக்கூடாது. 1761 மார்ச்சு 9-ஆம் நாள், ஹெக்ஸம் என்ற சிற்றூரின் சந்தை வெளியில், மிலிஷியாச் சீட்டெடுப்பை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளரும் உழவருமாக ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்களை அடக்க வடயார்க்ஷயர் மிலிஷியாவையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கைகலப்பு முற்றியது, படையினரிலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது, பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. சுமார் 50 பேர் மாண்டனர். ஏற்கெனவே சீட்டு விழுந்த ஏழைகள், சீட்டு விழவிருந்த ஏழைகளைச் சுட்டார்கள். 'ஹெக்ஸம் கசாப்புக்காரர்கள்' என்ற பெயர் அந்தப் படைக்கு நிலைத்துவிட்டது. கோணல் தொப்பியையும் தொந்தியையும் வரைந்து விற்ற கடைகளில் இந்த நாளை என்னவென்று வரைவது? துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தவன் சிரிப்புக்குரியவன். அதே மனிதன் அதை நேராகப் பிடிக்கவும் கூடும்.

1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்தச் சிரிப்புக்கு ஒரு பாடம் கிடைத்தது. அங்கே எதிரே நின்றவர்கள் கடைக்காரர், தச்சர், பண்ணைக்காரர். அவர்களைப் பார்த்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் 'யாங்கி டூடில்' என்ற கேலிப் பாட்டைப் பாடினார்கள். அந்த ஆண்டு ஜூன் 17 அன்று, பாஸ்டன் நகரத்தை அடுத்த பங்கர் ஹில் என்ற இடத்தில், கேலிக்கு ஆளான அந்த ஆட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கொன்றும் காயப்படுத்தியும் வீழ்த்தினர். குன்றைப் பிரிட்டிஷார் பிடித்துவிட்டது உண்மையே. அப்படி இன்னொரு குன்றைப் பிடிக்க அவர்களிடம் ஆள் இருந்திராது. கேலிப் பாட்டை அமெரிக்கர் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டு பாடத் தொடங்கினர். டார்லி கடை என்ன செய்தது தெரியுமா? ஒரு சீமாட்டியின் வானளாவிய கொண்டையை வரைந்து, அந்தக் கொண்டையின்மேல் பங்கர் ஹில் போரையே நடத்திக் காட்டியது. 1776-ஆம் ஆண்டுப் படம் அது. கொண்டை அலங்காரத்தையும் கேலி செய்தாயிற்று. போரையும் கேலி செய்தாயிற்று!

1778-இல் பிரான்சும் அமெரிக்கரோடு சேர்ந்துகொள்ளவே, இங்கிலாந்தில் மிலிஷியாவைத் திரட்டி, கெண்ட் மாவட்டத்தில் காக்ஸ்ஹீத் என்ற வெளியில் பெரும் பாசறை அமைத்தார்கள். பாசறை சீக்கிரமே திருவிழாவாக மாறிவிட்டது. நகரத்துச் செல்வர்கள் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தனர். சீமாட்டிகள் தங்கள் கணவன்மார் படையின் நிறத்திலேயே உடை தைத்து அணிந்தனர். ஷெரிடன் என்ற நாடகாசிரியர் அதே ஆண்டில் 'பாசறை' என்ற பெயரில் நாடகமே போட்டுவிட்டார். அந்தப் பாசறையில் இருந்த அதிகாரிகளுள் ஹென்றி வில்லியம் பன்பரி என்பவரும் ஒருவர். சஃபோக் மாவட்டத்து மிலிஷியாவைச் சேர்ந்தவர். பொழுதுபோக்காகப் படம் வரைபவர். புதிதாகச் சேர்ந்த ஆட்களைப் பயிற்சிக்கு நிறுத்திவைத்திருக்கும் காட்சியை இவர் வரைந்தார். அவர்கள் நிற்கும் நிலையில் ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் ஒற்றுமை கிடையாது. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். அதில் வன்மம் இல்லை. வரிசையில் தானும் நின்று வியர்த்தவனுடைய பார்வை இருக்கிறது. டவுன்ஷெண்டும் பன்பரியும் உள்ளிருந்து சிரித்தவர்கள்.

வெளியிலிருந்து சிரித்தவர்களில் தலைசிறந்தவர் ஜேம்ஸ் கில்ரே. ஹன்னா ஹம்ஃப்ரியின் கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அவருக்குப் படம் வரைவதிலேயே கழித்தவர். அரசர் முதல் நெப்போலியன் வரை இவருடைய ஊசி தீண்டாத ஆள் இல்லை. இவருடைய தந்தை ஒரு போர்வீரர். 1745-இல் ஃபாண்டனாய்ப் போரில் ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கைத் தந்தையின் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு, இருபது நாள் சிப்பாய்களின் மிடுக்கைப் பார்த்தால் என்ன தோன்றியிருக்கும்!

இருபது நாள் என்று சொன்னேனல்லவா? 1796-இல் பிட்டின் அரசாங்கம், பிரெஞ்சுப் புரட்சிப் படைகளுக்கு அஞ்சி, இருக்கும் மிலிஷியா போதாதென்று 60,000 பேர் கொண்ட துணை மிலிஷியா ஒன்றை ஏற்படுத்தியது. அவர்களுக்குத் தவணை தவணையாக இருபது நாள் பயிற்சி. அந்த நவம்பர் மாதத்திலேயே கில்ரேயின் படம் சன்னலில் தொங்கியது. துணை மிலிஷியா 'இருபது நாள் வேடிக்கைக்கு' அணிவகுத்துச் செல்கிறதாம். அணிவகுப்பா அது? பட்டறையிலிருந்தும் கடையிலிருந்தும் எழுந்து வந்த ஆட்கள் தங்கள் தொழிலின் அடையாளத்தை உடம்பிலேயே சுமந்துகொண்டு செல்கிறார்கள். உட்கார்ந்தே வேலை செய்து வளைந்த கால்கள், பொருந்தாத உடுப்பு, முகத்தில் மட்டும் பிரெஞ்சுக்காரனை இப்போதே விழுங்கிவிடும் வீரம். படத்தைப் பார்த்தபோது என் பூட்ஸ் நினைவுக்கு வந்தது.

நான்கு மாதம் செல்வதற்குள் கில்ரே இன்னொரு படம் போட்டார். 1797 மார்ச்சு 1 என்று அதில் தேதி இருக்கிறது. இலண்டனின் செல்வர் வட்டாரத்தைச் சேர்ந்த தொண்டர் படையினர், ஹைட் பூங்காவை வென்று, ஒரு குப்பை மேட்டையும் கைப்பற்றிவிட்டு, பாண்டுத் தெருவின் வழியே துப்பாக்கிச் சனியனை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். எதிரே பகைவர் யாரும் இல்லை; கடைக்கு வந்த சீமாட்டிகள்தாம் அலறிச் சிதறுகிறார்கள். நல்ல நகைச்சுவைதான். ஆனால் தேதியைச் சற்றுக் கவனியுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 22 அன்று, வேல்ஸ் நாட்டின் ஃபிஷ்கார்டு என்ற ஊருக்கு அருகே, சுமார் 1,400 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை உண்மையாகவே கரையிறங்கிவிட்டது. அவர்களை எதிர்கொண்டவர்கள் யார்? காடர் பிரபு அவசரமாகச் சேர்த்துக்கொண்டு சென்ற உள்ளூர்த் தொண்டர் படையினரும் மிலிஷியாக்காரரும் கடற்படை ஆட்களும். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு. ஆயினும் இரண்டே நாளில், 24-ஆம் தேதி, பிரெஞ்சுப் படை ஆயுதங்களைக் கீழே வைத்தது. செஞ்சால்வை போர்த்திக் குன்றின்மேல் நின்ற பெண்களைப் பார்த்து, செஞ்சட்டைப் பட்டாளம் வருகிறதென்று பிரெஞ்சுக்காரர் மிரண்டதாக வேல்ஸ் நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும் சரணாகதி மெய். பாண்டுத் தெருவில் கில்ரே கேலி செய்த இனத்தைச் சேர்ந்த ஆட்கள்தாம் அதைப் பெற்றவர்கள்.

இவையெல்லாம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள கதை. செம்பட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு கில்ரேயின் படத்திலேயே இருக்கிறது. 1791 டிசம்பரில் அவர் வெளியிட்ட ஒரு படத்துக்கு 'பருவமழையின் வரவு, அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்குதல்' என்று பெயர். அமெரிக்காவின் யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ் பிரபுதான் இதில் தலைவர். அவர் கழுதைமேல் ஏறி ஓடுகிறார். கோட்டை மதிலின்மேல் திப்பு சுல்தான் நிற்கிறார். மதிலிலிருந்து பொழிவது மேகத்தின் மழை அன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வானொலியில் அதற்குமேல் வருணிக்க இயலாது. அந்த ஆண்டு மே மாதத்தில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்று, உணவும் வண்டிமாடும் இன்றி, முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. இலண்டன் சிரித்தது. ஆனால் அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தார். 1792 மார்ச்சு மாதத்து உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். அந்தப் பாதியில் திண்டுக்கல் சீமையும் அடங்கும். 1755-இல் ஹைதர் அலி பவுஜ்தாராக வந்து தம் உயர்வுக்கு அடிகோலிய அதே திண்டுக்கல் மலைக்கோட்டையில், 1790-இலேயே கர்னல் ஸ்டூவர்ட் புகுந்துவிட்டார். உடன்படிக்கை அதை உறுதி செய்தது. நம் பக்கத்து ஊர்களின் தலையெழுத்து மாறிய போரைத்தான் இலண்டன் கடைச் சன்னலில் ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள்.

கும்பினியார் திண்டுக்கல் சமவெளியில் கண்டது என்ன? கன்னிவாடி, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர், விருப்பாட்சி, இடையன்கோட்டை, ஆயக்குடி என்று அடுத்தடுத்துப் பாளையங்கள். மதுரை நாயக்கர் காலத்தில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்ததாகச் சொல்லப்படும் அமைப்பு இது. பாளையத்தின் படைவீரன் மாதச் சம்பளக்காரன் அல்லன். அவனுக்கு மானியமாக நிலம் உண்டு. உழுவான், அறுப்பான், இரவில் ஊர்க்காவல் பார்ப்பான். கொம்பு ஊதினால் ஈட்டியையோ வளரியையோ திரித் துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு சேர்வைக்காரருக்குப் பின்னால் நடப்பான். ஒரு கையில் ஏர், ஒரு கையில் ஈட்டி. இங்கிலாந்தின் மிலிஷியாக்காரனுக்கு இவனைவிட நெருங்கிய உறவினன் உலகில் இருந்திருப்பானோ என்று ஐயுறுகிறேன். ஒரு வேறுபாடு உண்டு. அவனைச் சீட்டு இழுத்து வந்தது. இவனை நிலமும் பிறப்பும் கட்டி வைத்திருந்தன. அதனால் இவன் நிலையை ஒரேயடியாகப் போற்றிவிடவும் எனக்கு மனமில்லை. பாளையக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டபோதெல்லாம் செத்தவன் இவன்தான்.

இவனைக் கேலிச் சித்திரமாக வரைய இங்கே கடையில்லை. தரங்கம்பாடியில் 1710-களிலேயே தமிழ் அச்சகம் வந்துவிட்டபோதிலும், அச்சிட்டவை சமய நூல்கள். அரசியல் கேலிச் சித்திரம் தமிழ் ஏட்டில் இடம்பெற, பாரதியார் 'இந்தியா' வார இதழை நடத்திய 1906-ஆம் ஆண்டுக் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்மவர் சிரிப்புக்கு அரங்கம் கூத்து மேடை. குதிரை திருடப்போய்க் கால் வெட்டுண்டவன் தன் வாயாலேயே தன் கதையைப் பாடும் நொண்டி நாடகம் அந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டில் செழித்திருந்தது. கட்டியங்காரனும் கோமாளியும் மேடையில் ஏறினால் மன்னனும் தப்ப முடியாது, சேவகனும் தப்ப முடியாது. செம்பட்டி மூதாட்டி என்னைக் கேட்ட கேள்வியில் 'கூத்து' என்ற சொல் சும்மா வந்து விழவில்லை.

பாளையத்துச் சேவகரைக் கும்பினி அதிகாரிகள் ஒழுங்கற்ற கும்பல் என்றே நெடுநாள் எண்ணினர். 1801-இல் அந்த எண்ணத்துக்கு அடி விழுந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மண்ணாலேயே மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31 அன்று அதைத் தாக்கிய கும்பினிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. அந்தத் தாக்குதலில் பங்குகொண்ட வெல்ஷ் என்ற அதிகாரி, பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் எதிரிகளின் உறுதியை வியந்து சொல்கிறார். சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததையும் அவரே நன்றியோடு நினைவுகூர்கிறார். நம் சீமையில் விருப்பாட்சி கோபால நாயக்கர் பல பாளையங்களை ஓரணியில் திரட்டினார். கணவரை இழந்த சிவகங்கை வேலு நாச்சியாருக்கு முன்பு அடைக்கலம் தந்த ஊர் அது. கும்பினியார் அவரைப் பிடித்து அதே 1801-இல் தூக்கிலிட்டார்கள். அக்டோபரில் மருது சகோதரர்களும் திருப்பத்தூரில் தூக்கிலேறினர்.

டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமை மக்கள் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருத்தல் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும், மீறுவோர் தண்டிக்கப்படுவர். இங்கே நான் உங்களை ஒரு கணம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். அதே ஆண்டுகளில் இங்கிலாந்து அரசாங்கம் தன் நாட்டு உழவனையும் கடைக்காரனையும் கெஞ்சிக் கூப்பிட்டு, கையில் துப்பாக்கியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1804-க்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொண்டர் படைகளில் சேர்ந்துவிட்டனர். சிரிப்புக்கு ஆளானாலும் அவர்கள் கையில் ஆயுதம் இருந்தது. அவர்களைப் போன்றே உழுது, அவர்களைப் போன்றே ஊர் காத்த திண்டுக்கல் உழவனிடமிருந்து அதே அரசின் நிழலில் நின்ற கும்பினி ஆயுதத்தைப் பறித்தது. அவனைப் பார்த்து அது சிரிக்கவில்லை. கில்ரேயின் படங்களை நான் பார்க்கும்போதெல்லாம், சிரிக்கப்படுவதுகூட ஒரு சலுகையோ என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு விடுமுறையில் அந்தக் கொய்யாப்பழ மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடை தூக்க இயலாத வயது அவருக்கு வந்துவிட்டது. கொல்லைப்புறத்தில், கல்லில் பதித்து நிறுத்திய இரும்பு முனை ஒன்றில் அவர் பேத்தி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கடப்பாரையின் முனை அன்று அது. இலை வடிவில் நடுவே தடித்து, இரு புறமும் தேய்ந்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் கன்னிவாடி அரமனையில சேவுகம் பாத்தவராம். வெள்ளக்காரன் ஆயுதத்தயெல்லாம் பறிக்க வந்தப்ப, இது தேங்கா உரிக்கிற கம்பிங்க சாமின்னு சொல்லி வச்சுக்கிட்டாகளாம். மெய்யோ பொய்யோ, யாரு கண்டா?" என்றார்.

பேத்தி ஒரு காயை எடுத்து அந்த முனையில் குத்தித் திருகினாள். இரண்டு திருகில் மட்டை பிரிந்து வந்தது. மூதாட்டி என் கால்களைப் பார்த்தார்.

"ஆமா, அன்னிக்கி ஒரு பூட்சு போட்டுட்டு வந்தியே, அது என்னாச்சுப்பா?" என்று கேட்டார்.